முதல் கார் பழைய கார்: உரிமையாளரிடமா, கன்சல்டிங்கிலா, நிறுவனக் கடையிலா?

முதல் காரைப் பழைய காராக வாங்க முடிவெடுத்தவர்கள் வேகன் ஆரா, ஐ10ஆ என்ற கேள்வியிலேயே பல வாரங்களைக் கழிக்கிறார்கள். இரண்டுமே தமிழ்நாட்டில் சிற்றூர் மெக்கானிக்குகளுக்கும் கைப்பழக்கமான வண்டிகள். எதை எடுத்தாலும் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது. அதைவிட அதிகம் யோசிக்க வேண்டியது, வண்டியை யாரிடம் வாங்குவது என்பதைத்தான்.

உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் இடையில் யாருக்கும் லாபம் போகாது, வரியும் இல்லை. வியாபாரியிடம் வாங்கும்போது அவருடைய லாபத் தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, சிறிய கார்களுக்கு 12 ஆக இருந்ததை 2024 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் உயர்த்தியது. மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்றரை லட்சத்துக்கு விற்றால், இடைப்பட்ட ஐம்பதாயிரத்துக்கு வரி ஒன்பதாயிரம். அதுவும் நம் தலையில்தான் வந்து விழும்.

விலையைவிடப் பெரிய லாபம், ஓட்டியவரிடமே பேச முடிவது. எங்கே சர்வீஸ் விட்டார், எப்போது கிளட்ச் மாற்றினார், ஏன் விற்கிறார் என்று கேட்கலாம். நிறுவன சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளர் உடன் வந்தால் அதை வாங்கிப் பார்ப்பது எளிது. மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் ஆவண வேலை முழுவதும் நம்முடையது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா, அபராதம் பாக்கி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கன்சல்டிங் என்று நாம் சொல்லும் பழைய கார் வியாபாரிகளின் கடைகளுக்குப் பலம், ஒரே இடத்தில் இருபது வண்டிகளைப் பார்க்கலாம் என்பது. கடன் ஏற்பாடும் பெயர் மாற்றமும் அவர்களே செய்து தருவார்கள். என் மனக்குறை ஒன்றுதான். பல கடைகளில் வண்டி இன்னமும் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். அவர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் கைமாறிக் கைமாறி இத்தகைய கடைகளுக்கு வருவதுண்டு. 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. ஸ்டெப்னிக்கு அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாருதியின் ட்ரூ வேல்யூ போன்ற நிறுவனக் கடைகளில் சோதனை அறிக்கை தருவார்கள். தகுதியான வண்டிகளுக்கு உத்தரவாதமும் உண்டு. அதற்கான விலையையும் சேர்த்தே கேட்பார்கள். உத்தரவாதத் தாளில் கிளட்ச், பிரேக், டயர் போன்ற தேயும் பாகங்கள் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். பழைய காரில் முதலில் செலவு வைப்பவை அவைதான்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் உங்களுக்கு இருந்தால், முதல் உரிமையாளரிடம் நேரடியாக வாங்குவதே நல்லது என்பேன். மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை அந்த மெக்கானிக்குக்குக் கொடுத்து, வண்டியைத் தூக்கிவைத்து அடிப்பாகம் வரை பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் கவனியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. அப்படி ஒரு மெக்கானிக் அமையாதவர்களும், அலுவலக நேரத்தில் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க முடியாதவர்களும் கூடுதல் விலை கொடுத்து நிறுவனக் கடைக்கே போகலாம். கன்சல்டிங்கை, கடைக்காரரைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்களுக்கு மட்டுமே சொல்வேன்.

எங்கே வாங்கினாலும் பெயர் மாற்றத்தை முப்பது நாட்களுக்குள் பதிவுசெய்ய விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான காப்பீட்டுத் தள்ளுபடி, அவரோடு போய்விடும் என்பதால் அதற்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டி மலிவாக வந்தால், தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யக் கட்ட வேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை பேசுங்கள்.