ஜாவா 8-லயே இருக்கலாமா, 17-க்கு ஏறலாமா?

ஜாவா 8 வந்தது 2014-ல, இன்னும் நிறைய டீம் அதுலதான் ஓட்டுறாங்க, நல்லா ஓடுறத எதுக்கு நோண்டணும்னு கேக்குறதும் நியாயம்தான், ஏன்னா ஜாக்ஸ்பி-ய (JAXB, எக்ஸ்எம்எல்-ல இருக்குறத ஜாவா ஆப்ஜெக்டா மாத்துற லைப்ரரி) 11-லயே ஜேடிகே-ல (ஜாவா கோட் எழுதி ஓட்ட இன்ஸ்டால் பண்ற கிட்) இருந்து தூக்கிட்டாங்க, அத யூஸ் பண்ற பழைய கோட் 17-ல கம்பைல் ஆகாது, அந்த லைப்ரரிய டிபெண்டன்சியா தனியா சேக்கணும்.

ஆனா நல் பாயிண்டர் எக்செப்ஷன், அதாவது நல்-ஆ (null, காலியா) இருக்குற ஒண்ணுல மெத்தட கூப்பிட்டா வர்ற எரர், வந்தா 17 எந்த மெத்தட் நல் குடுத்துச்சுன்னு பேரோட சொல்லிடும். 8-ல வெறும் லைன் நம்பர்தான், `ஆர்டர்.கஸ்டமர்().அட்ரஸ்().பின்கோடு()`ன்னு ஒரே லைன்ல இருந்தா எது நல்னு ராத்திரி முழுக்க தேடணும், நான் தேடியிருக்கேன்ங்க.

ஜாவா-ல ஆப் எழுத நிறைய பேர் யூஸ் பண்ற ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3-க்கு குறைஞ்சது 17 வேணும். அதனால புது ப்ராஜெக்ட்னா 17தான், யோசிக்கவே வேணாம். பழசுன்னா மொதல்ல டெஸ்ட் எழுதிட்டு ஏறுங்க, டெஸ்டே இல்லாம ஏறினா எது உடைஞ்சதுன்னே தெரியாது.