கரடியின் நகத்தில் ரத்தம்: ஹராஜுகுவின் அச்ச அழகில் எந்தப் பாணியைத் தேர்ந்தெடுப்பது?

ஜப்பானிய வரைகலைஞர் மோரி சாக் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய குளூமி என்னும் கரடி பொம்மை, பஞ்சுமிட்டாய் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அதன் நகங்களிலும் வாயிலும் ரத்தம் படிந்திருக்கும். தன்னை எடுத்து வளர்த்த சிறுவனையே அது தாக்குகிறது. எவ்வளவு கொஞ்சினாலும் காட்டு விலங்கு காட்டு விலங்குதான் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம். டோக்கியோவின் ஹராஜுகு தெரு ஃபேஷனில் அழகையும் அச்சத்தையும் சேர்த்து உடுத்த விரும்புபவர்கள் பலரும் இந்தக் கரடியை ஏதோ ஒரு கட்டத்தில் சந்திக்கிறார்கள். சந்தித்த பிறகு அவர்களுக்கு முன்னால் முக்கியமாக நான்கு பாணிகள் நிற்கின்றன: குரோ கவாயி (கோரமான அழகு), யமி கவாயி (நோயுற்ற அழகு), குரோ லோலிடா (விக்டோரியக் காலப் பொம்மை போன்ற லோலிடா உடையின் கோர வடிவம்), ஜிராய் கெய் (‘கண்ணிவெடி’ பாணி). ரிப்பன், லேஸ், கட்டுத்துணி, ரத்தச் சிவப்பு என்று நான்குக்கும் பொதுவானவை நிறைய உண்டு என்றாலும், அச்சத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் அவை ஒன்றுக்கொன்று முற்றிலும் விலகி நிற்கின்றன. தேர்வை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

குரோ கவாயியில் அச்சம் பொருளில் இருக்கிறது. செபாஸ்டியன் மசுதா 1995-இல் ஹராஜுகுவில் தொடங்கிய 6% டோகிடோகி கடையின் கண்ணைப் பறிக்கும் நிறங்களே இதற்கு நல்ல அடித்தளம். 2011-இல் கியாரி பமியு பமியு பாடகியாக உலகுக்கு அறிமுகமான காணொளிக்குக் கலை அமைத்தவரும் மசுதாதான். விளையாட்டு அறை போன்ற அந்த அரங்கில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கண்விழிகளும் மிதந்தன. இந்தப் பாணியின் இலக்கணம் முழுவதும் அந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது: உடை குழந்தைத்தனமாகவே இருக்க வேண்டும், அதன்மேல் அமரும் அணிகலன் மட்டும் தப்பான இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அதனால்தான் வீட்டிலேயே செய்து பார்க்கவும் இது எளிதானது. ஒளி ஊடுருவும் அரைக்கோள வடிவப் பிளாஸ்டிக் துண்டின் தட்டையான பின்புறத்தில் முதலில் கருமணியையும், பிறகு நீல வளையத்தையும், கடைசியாக வெள்ளையையும் தீட்டி, அடியில் ஃபெல்ட் துணி ஒட்டி முடிக் கிளிப்பில் பொருத்தினால், வளைந்த மேற்பரப்பு உருப்பெருக்கியாக வேலை செய்து விழியை உயிருள்ளதாகக் காட்டும். வெள்ளை பூசும் முன் அந்தப் பகுதியில் மயிரிழை போன்ற இரண்டு சிவப்பு நரம்புகள் வரைந்தால் போதும். பத்து நரம்புகள் வரைந்தால் அது ஹாலோவீன் பொம்மையாகிவிடும்.

யமி கவாயி இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. வெளிர் ஊதா, வெளிர் பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய மென்னிறங்களின்மேல் மாத்திரை, சிரிஞ்சு, பேண்டேஜ், மருத்துவமனைச் சிலுவைக்குறி ஆகியவை வருகின்றன. சட்டையில் மனச்சோர்வைச் சொல்லும் சொற்களும் அச்சாகியிருக்கும். இங்கே அச்சம் அணிபவரின் மனத்துக்குள் இருந்து வருகிறது. எசாகி பிசுகோ வரைந்த மென்ஹெரா-சான், தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வீராங்கனையாக உருமாறும் பள்ளி மாணவி. 2010-களில் இந்தப் பாணியின் முகமாகவே அவள் ஆனாள். மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்கும் சமூகத்தில், பேச முடியாததை உடையில் எழுதிக்கொள்ளும் உரிமையாக இதைக் காண்பவர்கள் உண்டு. வலியை அலங்காரமாக்குகிறது என்று கடிந்துகொள்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் நான் மதிக்கிறேன். தன் நோயைத் தன் உடலில் சுமப்பவர் அதைத் தன் சட்டையிலும் சுமக்கலாம். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தோற்றத்தின் மீதுள்ள ஈர்ப்பால் மட்டும் வருபவர் மாத்திரைக் கிளிப்போடும் செவிலியர் தொப்பியோடும் நிற்பது நல்லது. வரைந்த காயங்களைத் தொட வேண்டாம். எதிரில் வருபவர் அவற்றை எந்த நினைவோடு பார்க்கிறார் என்பதை அணிபவரால் அறிய முடியாது.

நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிப்பது எளிது. குரோ கவாயி சத்தம் போடுகிறது, அடர்ந்த மஞ்சளும் சிவப்பும் அதற்கு வேண்டும். யமி கவாயி நோயாளியின் அறையைப் போல வெளுத்திருக்கிறது. ஒரே சிரிஞ்சை இரண்டிலும் தொங்கவிடலாம். முதலாவதில் அது பொம்மைக் கடைச் சரக்கு, இரண்டாவதில் வாக்குமூலம். இந்த வேறுபாட்டை உணராமல் இரண்டையும் கலப்பவர்களின் தோற்றம்தான் பெரும்பாலும் எதையும் சொல்லாமல் போய்விடுகிறது.

குரோ லோலிடாவில் அச்சம் உடலில் இருக்கிறது: உடைந்துபோன பீங்கான் பொம்மை. மாலிஸ் மிசேர் இசைக்குழுவின் மானா 1999-இல் தொடங்கிய மோவா-மெம்-மோவாத்தியே ஆடை நிறுவனமும், 2001-இல் வெளிவரத் தொடங்கிய கோதிக் அண்ட் லோலிடா பைபிள் இதழும் வளர்த்தெடுத்த, கறுப்பு மேலோங்கிய கோதிக் லோலிடாவின் உடல்வடிவமே இதற்கும் எலும்புக்கூடு. மணி வடிவில் விரியும் முழங்கால் வரையிலான பாவாடை, அதைத் தாங்கும் உள்பாவாடை, கழுத்தை மூடும் சட்டை, நீண்ட காலுறை ஆகிய நான்கும் சரியாக அமைந்த பிறகுதான் கட்டுத்துணியும் ரத்தமும் வர வேண்டும். அடிப்படை உடைக்கே நிறையச் செலவாகும் என்பதால், ரத்தக் கறையை அந்த உடையில் நேரடியாகத் தீட்டுவது வீண் துணிச்சல். தனியே கழற்றக்கூடிய வெள்ளைக் காலரிலோ முன்கட்டுத் துணியிலோ துணிச்சாயத்தால் தீட்டி, காய்ந்தபின் இஸ்திரி போட்டு நிலைப்படுத்திக்கொண்டால், மறுநாள் அதே உடையைச் சாதாரணமாகவும் அணியலாம். உண்மை ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும். இங்கே அந்த உண்மை தேவையில்லை, செர்ரிச் சிவப்பே பொருந்தும். நான்கில் மிக அழகானது இதுதான் என்பேன். கண்மறைப்பு அணிபவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: ஒரு கண்ணை மூடினால் தூரத்தைக் கணிக்கும் திறன் குறையும், தடித்த அடிப்பாகமுள்ள காலணியோடு ஹராஜுகுவின் தகேஷிதா தெரு நெரிசலிலோ ரயில் நிலையப் படிகளிலோ அது ஆபத்து.

ஜிராய் கெய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020-ஐ ஒட்டிப் பரவிய இது ஹராஜுகுவைவிட ஷின்ஜுகுவின் இரவு வாழ்க்கைப் பகுதியான கபுகிச்சோவோடுதான் அதிகம் இணைத்துப் பேசப்படுகிறது. கறுப்பும் இளஞ்சிவப்புமான சட்டை, பாவாடை, பையில் தொங்கும் குரோமி என்னும் கார்ட்டூன் முயல் பொம்மை, அழுது முடித்ததைப் போலக் கண்ணுக்குக் கீழே சிவப்புப் பூச்சு. அச்சம் முழுவதும் அந்தக் கண்ணடியில்தான். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வரும் உடையாக நான்கில் இதுவே எளிதில் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அழகுக்கும் சோகத்துக்கும் இடையில் நிற்கிறது, அச்சத்தின் பக்கம் பாதி தூரம்தான் வருகிறது.

ஆகவே முதன்முறையாக முயல்பவருக்கு நான் குரோ கவாயியையே பரிந்துரைக்கிறேன். செலவு குறைவு, தவறினால் ஒரு கிளிப்பைக் கழற்றிவிடலாம், எவருடைய வலியையும் கடன் வாங்க வேண்டியதில்லை. தையல் தெரிந்தவரும், ஓர் உடைக்காகக் காத்திருக்கும் பொறுமை உள்ளவரும் குரோ லோலிடாவுக்குப் போகட்டும்; கோதிக் அண்ட் லோலிடா பைபிள் இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் அவற்றோடு வந்த தையல் மாதிரிகளிலிருந்து தொடங்கலாம். இரண்டையும் கலக்க நினைத்தால் லோலிடாவின் உடல்வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குரோ கவாயியிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுங்கள்: தலை ரிப்பனின் நடு முடிச்சில் ஒரு கண்விழி. காதிலும் கையிலும் வேறு எதுவும் வேண்டாம்.