வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அக்கா தங்கைகள் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும். கம்பெனியில் நடந்த அசிங்கத்தை வெளியில் சொன்னேன். சொன்னதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பயத்தில் ஓர் ஆளிடம் 22,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னைச் சாட்சியாக நம்பி நின்ற ஒரு பெண்ணின் புகாரை என் கையெழுத்தே கெடுத்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கம்பெனி பெயரோ ஆள் பெயரோ எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும்.

ஒன்பது வருடம் ஒரே கம்பெனி. ஸ்டிச்சிங் லைனில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, மிஷின் பழகி, கடைசி நாலு வருடம் அப்பர் செக்கிங், அதாவது ஷூவின் மேல் பாகத்தில் தையல் சரியா என்று பார்க்கும் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ், திரும்பி வர ராத்திரி ஏழு, ஏழரை. வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பரைக் கையில் எடுத்தால் தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். குறை எல்லாம் புதிதாக வந்த புரொடக்‌ஷன் மேனேஜரால் வந்தது.

லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள் போகலாம். மாத விலக்கு நாளில் கேட்டாலும் இதே பதில்தான். டார்கெட் குறைந்தால் ஊர் பேர், வீட்டு ஆள் பேர் எல்லாம் இழுத்துத் திட்டு. ஒரு நாள் சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால், தையல் பிசகிய ஓர் அப்பரை ஒரு சின்னப் பெண்ணின் கையில் கொடுத்து, “தலைக்கு மேல தூக்கிப் புடி, எல்லாரும் பாக்கட்டும்” என்றார். லைன் முனையில் நின்றாள். மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது, ஒருத்தரும் நிமிரவில்லை. கை நடுங்கி இறங்கும்போதெல்லாம் “இன்னும் மேல” என்றார். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்தேன், இருபது நிமிடம். கையைத் தூக்கி நின்றவளின் உடம்பைப் பற்றி அப்போது அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. போட்டோ எடுத்து லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே “இன்னைக்கி டேமேஜ் பீஸ்” என்று எழுதினார்.

அன்று சாயந்திரமே என் செக்கிங் நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், பக்கத்தில் நின்றது யார் யார் என்று எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று அப்போது தெரியாது. ஆத்திரம் தாங்காமல் எழுதினேன். பிறகு எனக்கு உதவியது அந்த நோட்டு ஒன்றுதான்.

எச்.ஆர். மேடத்திடம் போனேன். “எழுத்துல எல்லாம் குடுக்காதம்மா, பெரிசாயிடும், நான் வாயாலயே பேசிக்கிறேன்” என்றார். நல்லதுக்குச் சொல்கிறார் என்று நம்பினேன். அடுத்த திங்கட்கிழமை என்னை பேக்கிங் குடோனுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே அட்டைப் பெட்டி ஒட்டும் வேலை. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் புகார் சொன்னதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இல்லை. இது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, வேலையை விட்ட ராத்திரி நடந்தது. பழைய லைன் ஆட்கள், நின்றுபோனவர்கள், தெருவில் தெரிந்தவர்கள் என்று நூற்று நாற்பது பேர் இருக்கும் குரூப்பில், மேனேஜரின் பெயரைப் போட்டு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன். டோக்கன், தலைக்கு மேல் அப்பர், போட்டோ எல்லாம் எழுதினேன். அத்தனையும் உண்மை. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் என் நிலைமை வேறு. கோபத்தில் கடைசி வரியாக, “எங்க பி.எஃப். பணத்தையும் இவன்தான் தின்னான்” என்று சேர்த்துவிட்டேன். யாரோ கேன்டீனில் சொன்னதை நான் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். விடிவதற்குள் அது ஆம்பூர் வரைக்கும் ஃபார்வர்டு ஆகிவிட்டது.

பதினோராம் நாள் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் வந்தது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆவது பிரிவு, அதாவது அவதூறு, இரண்டு வருடம் சிறை, 25 லட்சம் நஷ்ட ஈடு, ஏழு நாளில் பகிரங்க மன்னிப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கியது என் மாமியார். தபால்காரர் எதிரிலேயே “கோர்ட்டு காயிதமாப்பா?” என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் 25 லட்சம் என்ற எண்ணை யாரும் எழுதிக்கூடப் பார்த்ததில்லை.

சொந்தக்காரர் ஒருவர், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாகச் சொன்னார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டீஸைப் புரட்டிய அந்த ஆள் சொன்னது இது: “இது எஃப்.ஐ.ஆர். ஆவறதுக்கு ரெண்டு நாள்தாம்மா கீது. எதிர்ப் பார்ட்டி வக்கீல் நம்ம ஆளு. நான் பேசி முடிச்சிடறேன்.” முதலில் 12,000. மூன்று நாள் கழித்து 10,000. இரண்டாவது தொகையை அவருடைய மச்சான் நம்பருக்குக் கூகுள் பே செய்யச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, “கேஸ் முடிஞ்சதும் மொத்தமா தரேன்” என்றார்.

பிறகு முத்திரைத்தாளில் டைப் செய்த ஒரு கடிதத்தை நீட்டினார். “நான் எழுதியவை அனைத்தும் முற்றிலும் பொய், தீய எண்ணத்துடன் எழுதப்பட்டவை” என்று ஒரு வரி. என் விரல் அந்த வரியில் நின்றது. “அனைத்தும்னா? நடந்தது நடந்ததுதானேண்ணா?” என்று கேட்டேன். “அது வக்கீல் பாஷைம்மா, எல்லாக் கடுதாசிலயும் அப்டிதான் இருக்கும். இதோட முடிஞ்சிது” என்றார். போட்டேன். அதே குரூப்பில் அதே வாசகத்தை என் போனிலிருந்தே அனுப்ப வைத்தார்.

ஒரு வாரத்தில் அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் கம்பெனி நோட்டீஸ் போர்டில் தொங்கியது.

அந்தச் சின்னப் பெண் அதற்கு முன்னாலேயே கம்பெனியின் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாள், என்னைச் சாட்சியாகப் போட்டு. விசாரணையில் என் கடிதத்தை அவள் முன்னால் வைத்து, “உன் சாட்சியே எல்லாம் பொய்னு எழுதிக் குடுத்துட்டாங்களே” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எனக்கு போன் செய்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. “இன்னாத்துக்குக்கா அப்படி எழுதிக் குடுத்த?” என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் சரியான இடத்துக்குப் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அதே உரிமை உண்டு. 15100 என்ற நம்பருக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நோட்டீஸ் வந்த அன்றே இது எனக்குத் தெரிந்திருந்தால் டீக்கடை பெஞ்சுக்குப் போயிருக்க மாட்டேன்.

அங்கே கொடுத்த வக்கீலம்மா நோட்டீஸை மேசையில் வைத்து, முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு வரி வரியாகச் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் எழுதும் கடிதம், கோர்ட் உத்தரவு ஆகாது. அதற்குப் பதில் கொடுக்க வேண்டும், பயந்து ஓட வேண்டியதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 356. இதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். இப்போதைய சட்டப்படி, அதைக் கோப்பில் எடுக்கும் முன் நம் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஜாமீன் தரக்கூடிய குற்றம். இரண்டு வருடம் என்பது உச்சம். வெறும் அபராதமாகவோ சமூக சேவையாகவோகூட முடியலாம். 25 லட்சம் சமாச்சாரம் தனி சிவில் வழக்கு. நோட்டீஸில் எந்த எண்ணையும் எழுதலாம், கோர்ட்டில் கேட்கும்போது தொகைக்கு ஏற்ற கட்டணத்தை அவர்கள் கட்ட வேண்டும். வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

“எஃப்.ஐ.ஆர். ரெண்டு நாள்ல வரும்னு சொன்னாரே” என்றேன். வக்கீலம்மா தலையை ஆட்டினார். அந்த ஆள் வக்கீலே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வக்கீல் என்றால் பார் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், வக்காலத்தில் நம் கையெழுத்து வாங்குவார். இந்த இரண்டையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஆனால் வக்கீலம்மா என்னைத் தட்டிக் கொடுத்து அனுப்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். “பி.எஃப். விஷயத்துக்கு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை. அங்கேயே என் போனில் பாஸ்புக்கைத் திறக்கச் சொன்னார். மாதா மாதம் பணம் ஏறியிருந்தது. நான் எழுதியது பொய். மேனேஜர் மோசமானவர் என்பதால் நான் எழுதிய பொய் உண்மையாகிவிடாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற பத்து உண்மையையும் பொய்யாக்கினார்கள்.

உண்மை என்றால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். கிரிமினல் வழக்கில் அது போதாதாம். உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு விலக்கு இருக்கிறது. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொன்னால் அது அவதூறு ஆகாது. நான் நூற்று நாற்பது பேருக்கு அனுப்பிய அதே விஷயத்தை எச்.ஆருக்கும், உள் புகார்க் குழுவுக்கும், தொழிலாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு எனக்கு இருந்திருக்கும். “எழுத்துல குடுக்காதம்மா” என்று யாராவது சொன்னால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பதுதான் நமக்குக் கவசம்.

வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலியல் தொல்லையை வெளியில் சொன்னதற்காக பிரியா ரமணி என்ற பத்திரிகையாளர் மேல் முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் போட்ட அவதூறு வழக்கை வக்கீலம்மா எனக்குச் சொன்னார். 2021 பிப்ரவரி 17ஆம் தேதி டெல்லி கோர்ட் ரமணியை விடுதலை செய்தது. நற்பெயருக்கான உரிமையைக் காக்கப் பெண்ணின் கண்ணியத்தைப் பலி கொடுக்க முடியாது என்றது. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் 2018 அக்டோபரில் போட்ட வழக்கு அது. இரண்டு வருடத்துக்கு மேல் அவர் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார். நம்மில் யாருக்கு அப்படி நடக்கத் தெம்பு இருக்கிறது?

மேலதிகாரி திட்டுவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் என்றே தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பாலியல் தொல்லைக்கு 2013ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. உடம்பைப் பற்றிப் பேசினாலே அதில் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். புகார் கொடுத்த பெண்ணின் பெயரையும் புகாரில் உள்ளதையும் வெளியில் பரப்பவே கூடாது. மெசேஜில் அவள் பெயரை விட்டது நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று வக்கீலம்மா சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஓர் அலைச்சலும் உண்டு. குழு சரியில்லை என்று கலெக்டர் ஆபீஸுக்குப் போனால், எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். 2019ல் வேலூரை மூன்றாகப் பிரித்த பிறகு குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், ஆற்காடு பக்கம் ராணிப்பேட்டையில். வீடு எங்கே என்று பார்த்துப் போகாதீர்கள், வேலை செய்யும் இடம் எங்கே என்று பாருங்கள். நான் சத்துவாச்சாரியில் அரை நாள் கூலியையும் பஸ் காசையும் இப்படித்தான் தொலைத்தேன்.

பதில் நோட்டீஸ் போய்விட்டது. பி.எஃப். பற்றிய வரி தவறு, அதற்கு மட்டும் வருந்துகிறேன். மற்றவை நான் கண்ணால் பார்த்தவை. முந்தைய கடிதம் வக்கீல் இல்லாத ஒருவர் பயமுறுத்தி வாங்கியது. இப்படி மூன்று பத்தி. செக்கிங் நோட்டின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தோம். இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை. வரலாம். கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. 22,000 வாங்கிய ஆள் மேல் கூகுள் பே விவரத்தோடு போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன்.

குரூப்பிலிருந்து மேனேஜர் அந்தப் போட்டோவை அழித்துவிட்டார். ஆனால் அந்தப் பெண்ணின் போன் கேலரியில் அது இருக்கிறது. அந்த போனை எக்ஸ்சேஞ்ச் போடவும் கூடாது, ரீசெட் செய்யவும் கூடாது என்று அவள் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். மின்னணு ஆதாரத்துக்குச் சான்று வாங்க அந்த போன் அப்படியே வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு மறுபடி கூடுகிறது. என் வாக்குமூலத்தை மீண்டும் எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அவளும் நானும் ஒரே பஸ்ஸில் போகிறோம். நோட்டை ஒரு பாலித்தீன் கவரில் போட்டுப் பையில் வைத்துவிட்டேன்.