லைட்ஹவுஸ்: பச்சை வட்டத்தோடு நின்றுவிடாதீர்கள்

வெப்சைட் செய்துகொடுப்பவர் "எல்லாம் முடிந்தது சார்" என்றதும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கோடிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி குரோமுக்குள்ளேயே இருக்கிறது. கூகுளின் லைட்ஹவுஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ். பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தினால் டெவ்டூல்ஸ், அதாவது டெவலப்பர்களுக்கான கருவிப் பெட்டி, வரும். அதில் லைட்ஹவுஸ் டேப் கண்ணில் படாவிட்டால் இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். மொபைலைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் வேகம், அணுகல் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பது), நல்ல நடைமுறை, எஸ்இஓ (கூகுள் தேடலில் கிடைக்க வசதி) என நான்கு மதிப்பெண். 90 முதல் பச்சை, 50-க்குக் கீழே சிவப்பு.

இன்காக்னிட்டோ விண்டோவில்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆட் பிளாக்கர் மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் செய்யும் வேலைக்கும் பழி உங்கள் கோடிங் மேல் விழும். அப்படியும் ஒரே பக்கத்துக்கு மதிப்பெண் ஏறி இறங்கும். ஐந்து முறை ஓட்டி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். "என் லேப்டாப்பில் பறக்கிறதே" என்ற வாதம் இங்கே செல்லாது. 1.6 எம்பிபிஎஸ் நெட், 150 மில்லிசெகண்ட் தாமதம், நான்கு மடங்கு மெதுவான பிராசஸர் என்று வைத்துத்தான் மொபைல் சோதனை கணக்குப் போடுகிறது.

வேக மதிப்பெண்ணில் 80 சதவீதம் மூன்றே அளவுகளுக்குப் போகிறது. அதிகப் பங்கு, 30 சதவீதம், டிபிடிக்கு, அதாவது பிரவுசர் முடங்கிக் கிடக்கும் நேரத்துக்கு. 50 மில்லிசெகண்டைத் தாண்டி பிரவுசரைப் பிடித்துவைக்கும் ஒவ்வொரு வேலையிலும் தாண்டிய பகுதியை இது கூட்டும். ஒரு ஸ்லைடர் ஸ்கிரிப்ட் ஒரே மூச்சில் 180 ஓடினால் 130 கணக்கில் ஏறும். பிளகின்களை அடுக்கிவைத்த ரெடிமேட் தீம்கள் பெரும்பாலும் அடிவாங்குவது இங்கேதான்.

எல்சிபி 25 சதவீதம்: திரையில் பெரிதாகத் தெரியும் படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் வர வேண்டும். தாமதத்துக்கு அடிக்கடி காரணம், எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடுவது. மேலே இருக்கும் பேனருக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, படத்தை அளவு குறைந்த வெப்பி ஃபார்மட்டில் கொடுத்தாலே பாதி வேலை முடியும். எந்தப் படம் இழுக்கிறது என்பதையும் லைட்ஹவுஸே காட்டிவிடும். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

மீதி 25 சிஎல்எஸ்ஸுக்கு, அதாவது பக்கம் குதிப்பதற்கு. 0.1-க்குள் இருக்க வேண்டும். திரையில் பாதியை அடைத்த ஒரு பத்தி திரையின் கால் பங்கு கீழே இறங்கினால், பாதித்த பரப்பு (பாதியும் காலும் சேர்ந்து 0.75) × நகர்ந்த தூரம் (0.25) = 0.1875, ஒரே குதியில் எல்லை தாண்டியாயிற்று. படத்தின் அகலம், உயரத்தைக் கோடில் எழுதாமல் விடுவதுதான் வழக்கமான காரணம். தமிழ்ப் பக்கங்களில் ஃபான்ட்டும் சேரும்: முதலில் சிஸ்டம் ஃபான்ட்டில் வந்த பத்தி, வெப் ஃபான்ட் இறங்கியதும் ஒரு வரி கூடிக் கீழே தள்ளும். டிடிஎஃப் ஃபான்ட் ஃபைலை அப்படியே ஏற்றாமல், அளவு சுருங்கிய வோஃப்2 ஆக்கி ப்ரீலோட் செய்தால் (முன்கூட்டியே இறக்கச் சொன்னால்) குறையும்.

அணுகல் மதிப்பெண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 100 வாங்கிய பக்கத்தின் மெனு கீபோர்டில் திறக்காமலே இருக்கலாம். பட்டன் டேகுக்குப் பதில் வெறும் டிவ்வில் (பொதுவான பெட்டி டேக்) கிளிக் மாட்டியிருந்தால் கருவிக்குத் தெரியாது. படத்தை விவரிக்க வேண்டிய ஆல்ட் டெக்ஸ்டில் "படம்1" என்று இருந்தாலும் பாஸ்தான். முழுத் தமிழ்ப் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லேங் மதிப்பு, தீமில் வந்தபடி ஆங்கிலம் என்றே கிடந்தாலும் பாஸ். அந்தப் பக்கத்தை, பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும், கேட்பவர் பாடு திண்டாட்டம். மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் கீயால் பக்கம் முழுக்கப் போய்ப் பாருங்கள்.

உண்மையான பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவம் தெரிய வேண்டுமானால் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் முகவரியைக் கொடுக்க வேண்டும். கூட்டம் குறைந்த சைட்டுக்கு அந்தத் தகவல் வராது, லாகின் தேவைப்படும் பக்கத்தை அங்கே சோதிக்கவும் முடியாது. டெவ்டூல்ஸில் முடியும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். மூடாத டேக், தப்பாக அடுக்கிய டேக் இவற்றை லைட்ஹவுஸ் கண்டுகொள்ளாது. அதற்கு டபிள்யூ3சி வேலிடேட்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் பிழைப் பட்டியல் நீளமாக வந்தால் மிரள வேண்டாம். முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்; பல நேரம் கீழே உள்ள பாதிப் பிழைகளுக்கு அந்த ஒரு மூடாத டிவ்தான் காரணமாக இருக்கும்.