நாலு வருஷம், மூணு மைக், ஒரு இலவம்பஞ்சு மெத்தை

மதுரை செல்லூர்ல எங்க மாடி ரூம் பத்தடிக்குப் பத்தடி. அதுலதான் 2021ல இருந்து ரெக்கார்டிங் ஓடுது, வாய்ஸ் ஓவர், கும்மி, சித்தப்பாவோட ஒயிலாட்டப் பாட்டுன்னு எது கெடச்சாலும். எத மொதல்ல வாங்குறதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க, நான் வரிசைய தலைகீழா பண்ணி காசை விட்டவன், அதனால சொல்லலாம்.

மொதல்ல ஒரு யூஎஸ்பி மைக், அதப் பத்தி பேச ஒண்ணும் இல்ல. அடுத்து மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி, அதான் இன்டர்ஃபேஸ், ஸ்கார்லெட் 2ஐ2 தேர்டு ஜென், கூடவே கடன் வாங்கி ஒரு காஸ்ட்லி கண்டென்சர், சின்னச் சத்தத்தக் கூட விடாம புடிக்கிற மைக். அந்த மைக்குக்கு கரன்ட் குடுக்குற 48 வோல்ட் பட்டனை (ஃபேன்டம் பவர்) அமுக்கி ஹெட்ஃபோன மாட்டுனா, அடேங்கப்பா, பக்கத்துத் தெரு தறி, கீழ அம்மாவோட குக்கர் விசில், ஆத்துப் பாலத்து பஸ் ஹாரன் பூராம் உள்ள வருது. மைக் அது வேலைய ஒழுங்காத்தேன் பாத்துச்சு.

இது போக ரெக்கார்டிங்க்கு அடியில ம்ம்ம்னு ஒரு கரன்ட் இரைச்சல், ஹம் வேற. ரெண்டு கேபிள் மாத்தியும் போகல, ஒருநாள் லேப்டாப் சார்ஜர உருவுனா சட்டுனு நின்னுருச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணே பிளக் பாயிண்ட்ட கழட்டிப் பாத்துட்டு, "தம்பி, மூணு ஓட்டை வச்சிருக்காய்ங்க, எர்த் ஒயரே இழுக்கலப்பா"ன்னு சிரிக்கிறாரு. எர்த்துக்குக் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டோம், அம்புட்டுத்தேன், ஹம் செத்துச்சு.

அப்புறம் ரூம். முட்டை அட்டை ஒட்டுனேன், வேஸ்ட், பல்லிக்கு வீடு ஆனதுதான் மிச்சம். நம்ம ரூம் சதுரம், பத்து அடி இடைவெளியில செவுத்துக்கு செவுரு மோதி, 56 ஹெர்ட்ஸ் கிட்டயும் அதோட டபுள் 113லயும் கனத்த அடிச் சத்தம் தேங்கி நிக்கும், ஆம்பளக் குரல் சரியா அந்த 113 பக்கந்தான் இருக்கு, ரூமுக்கு நட்ட நடுவுல நின்னு பாடுனா பானைக்குள்ள பாடுற மாதிரி வீங்கும். சுவத்துல இருந்து ரெண்டரை அடி தள்ளி நின்னா அது அடங்குது, ஓசியில கெடச்ச பெரிய அப்கிரேடே இதுதான். பாடுறவரு முதுகுக்குப் பின்னாடி பாட்டியோட போடி இலவம்பஞ்சு மெத்தைய நிமித்தி வச்சேன். வீக்கத்துக்கு அது பத்தாது, ஆனா கை தட்டுனா டொய்ங்னு திரும்பி வந்துச்சே, அது போயிருச்சு.

கடைசியாத்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஷூர் எஸ்எம்58, மேடையில கையில புடிச்சுப் பாடுற டைனமிக் மைக். 1966ல வந்த மாடல், ஃபேன்டம் பவரும் வேணாம். வாய்க்கு நாலு விரல் தள்ளி வச்சுப் பாடணும், தூரத்தப் பாதியாக்குனா குரல் 6 டெசிபல் ஏறும், தறிச் சத்தம் இருந்த இடத்துலயே கெடக்கும், இதுக்குத்தான் அது. கெயின, அதாவது மைக் சத்தத்த ஏத்துற திருகை மட்டும் நல்லா திருகணும், இந்த இன்டர்ஃபேஸ்ல 56 டெசிபல் இருக்கறதால சமாளிச்சிருது. மேல் சுருதி மினுமினுப்பு மட்டும் கண்டென்சர் அளவுக்கு வராது, அது உண்மை.

திரும்ப ஆரம்பிச்சா எர்த், மெத்தை, ஒரு நல்ல, காதை முழுசா மூடுற ஹெட்ஃபோன், அப்புறம்தான் மைக். கண்டென்சர வித்துரலை, சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவுல இருக்கு, விடியக்காலம் நாலு மணிக்கு தறி ஓடாத நேரத்துல மட்டும் எடுப்பேன்.

ஃபேன் சத்தத்துக்குத்தான் இன்னும் வழி தெரியல. போன மே மாசம் ஜன்னல சாத்தி ஃபேன நிறுத்தி மூணாவது டேக் போறப்ப சித்தப்பா துண்ட முறுக்கிப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டாரு, "டேய், என்னய பாடச் சொல்றியா, வேகச் சொல்றியா?" அந்த டேக்ல அதுவும் பதிஞ்சிருக்கு, ரொம்ப கிளியரா.