பகுதி சபாவா, எம்எல்ஏ நிதியா, நமக்கு நாமேவா? 150 அடி வாய்க்காலுக்கு நாங்கள் போட்ட கணக்கு

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவின் தொல்லை சின்னதுதான். பெரிய சாலையில் மழைநீர் வடிகால் வந்துவிட்டது. எங்கள் தெரு வாய்க்கால் அதோடு சேரவில்லை. நடுவில் 150 அடி. ஐப்பசி பிறந்தால் அங்கே முழங்கால் தண்ணீர். 2024 மார்ச்சில் தங்கசாலையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது 4,181 கோடி ரூபாய் என்றார்கள். “அதுல நமக்கு ஒரு 150 அடி தேறாதா?” என்று டீக்கடையில் ஒரே கிண்டல். தேறாது. அந்த அளவுத் திட்டங்களில் ஒரு சந்தின் முனை கண்ணுக்குத் தெரியாது. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் அடிப்பதும் அடைப்பு எடுக்கவும் எரியாத விளக்கைச் சொல்லவும்தான். இல்லாத வாய்க்காலைக் கட்ட அல்ல.

மிச்சம் இருந்தவை மூன்று வழிகள். நாங்கள் போனது பகுதி சபா வழி, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவையைச் சொல்லும் கூட்டம். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நமக்கு நாமே திட்டத்தை முதலில் தள்ளினோம். 1997-ல் வந்து, நடுவில் நின்று, 2021-ல் மறுபடி உயிர் பெற்ற திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் வேலைக்குத் தெரிந்த மேஸ்திரி குத்துமதிப்பாகச் சொன்னது 9 லட்சம். அப்படியென்றால் எங்கள் பங்கு 3 லட்சம், அறுபது வீட்டுக்குத் தலா ஐயாயிரம். தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம். “நாளைக்கு ஓனர் காலி பண்ணச் சொன்னா, வாய்க்காலைப் பேத்து எடுத்துக்கினா போக முடியும்?” என்று ஒருவர் கேட்டதும் பேச்சு அதோடு நின்றது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு வேறு கோபம். 2022-ல் சொத்து வரி ஏறியது, பிறகு ஆண்டுக்கு 6 சதவீதம் என்றும் ஆனது, இதற்கு மேல் இது வேறா என்று. மணலி, திருவொற்றியூர் பக்கம் மக்கள் பங்கை ஏற்க ஒரு தொழிற்சாலை முன்வந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். இந்த வழியில் நாங்கள் இறங்கிப் பார்த்ததில்லை, ஆகவே இதைப் பற்றி இவ்வளவுதான்.

எம்எல்ஏ நிதி ஆசை காட்டியது. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. கவுன்சிலரின் வார்டு நிதியோ 2025-26 பட்ஜெட்டில் உயர்த்திய பிறகும் 60 லட்சம்தான். ஒரு தொகுதிக்குள் பல வார்டுகள் வருகின்றன என்பதைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் அந்தக் கதவு திறந்தால் வேலை வேகம். தெருப் பெரியவர்கள் அந்தப் பக்கமே நின்றார்கள்.

என்னைத் தடுத்தது என் அக்கா குடியிருக்கும் பேட்டையில் பார்த்த ஒன்று. அங்கே தொகுதி நிதியில் குடிநீர் எந்திரம் வைத்தார்கள். மேளம், வாழைமரம், கல்வெட்டு எல்லாம் அமர்க்களம். ஒன்றரை வருஷம் தண்ணீர் நன்றாகவே வந்தது. அப்புறம் ஃபில்டர் போனது. அக்கா ஒரு ஆபீசுக்குப் போனால், “கட்டிக் கொடுத்தாச்சும்மா, இனிமே அவங்க பொறுப்பு.” அந்த ‘அவங்க’ ஆபீசில், “இது எங்க எஸ்டிமேட்டே இல்லையேம்மா.” இன்று அதன் தலைமேல் தள்ளுவண்டிக்காரர் இட்லித் துணி காயப்போடுகிறார். கல்வெட்டு மட்டும் பளபள.

எந்த நிதியில் கட்டினாலும் பராமரிப்பு உள்ளாட்சியின் வேலைதான் என்பார்கள். காகிதத்தில் சரி. உடைந்த பிறகு யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்பதுதான் எனக்குக் கேள்வி.

இனி பகுதி சபா. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு 1993-லிருந்தே சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தது 2022-ல். சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள், 200 வார்டுக்கு இரண்டாயிரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

எங்களுடையது பள்ளிக்கூட வராண்டாவில் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத மைக், முப்பது பேர் இருந்தால் அதிகம். பேசி முடித்து எல்லாரும் எழுந்தபோது, காசிமேட்டில் கருவாடு விற்கும் ஆயா மட்டும் எழவில்லை. “எய்திக்கினியா நைனா? எங்க, படி பாப்போம்” என்றார் உதவிப் பொறியாளரிடம். அவர் சிரித்துக்கொண்டே படித்தார்: “வடிகால் குறித்து விவாதிக்கப்பட்டது.” ஆயா விடவில்லை. “விவாதம் இன்னாத்துக்கு? கட்டணும்னு எய்து.” அவர் அடித்துவிட்டு, “பெரிய சாலை வடிகாலுடன் இணைக்கத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிய பதினோரு மாதம் ஆனது. எம்எல்ஏ நிதி என்றால் நாலு மாதம் என்று இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள், இருக்கலாம். ஆனால் முதல் மழைக்கே தண்ணி லாரி ஏறி இரண்டு மூடி உடைந்தபோது, யாரையும் தேடி அலையவில்லை. அடுத்த கூட்டத்தில் அதே மனிதர், அதே நோட்டு, அதே பக்கம். பத்து நாளில் புது மூடி. தூர்வார வேண்டிய இடங்களின் பட்டியலில் எங்கள் தெரு இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

ஓட்டையும் உண்டு. பகுதிக்கான உறுப்பினர் நியமனம்தான், தேர்தல் கிடையாது. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். அவருக்குப் பிடிக்காத தெரு என்றால் நோட்டில் என்ன எழுதி என்ன பயன்? எங்கள் கவுன்சிலர் காது கொடுத்தார். 2022-ல் தேர்வான ஒரே ஒருவர் காலத்து அனுபவத்தை வைத்து எல்லா வார்டும் இப்படி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வந்த முதல் கூட்டத்தில் வணக்கம் சொல்லி உட்காரும் முன்பே ஆயா கேட்டது, “நோட்டு எடுத்தாந்தியா நைனா?”