டோன்ஆர்ம் உயரத்தைத் தொடாமலேயே கூலி வாங்கிய கடை: ஓர் எச்சரிக்கை

டர்ன்டேபிள் என்ற இசைத்தட்டுக் கருவிக்குப் புதிய கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் சிறு பெட்டி; டோன்ஆர்ம் என்ற கையின் நுனியில் இருக்கும்) மாட்டி, "ஆர்ம் உயரம் உட்பட எல்லாவற்றையும் அளந்து சரிசெய்து தருகிறோம்" என்று தனிக் கூலி வாங்கும் இடத்தில் உங்கள் கருவியை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் அப்படிப்பட்ட ஒரு கடை என்னிடம் 3,500 ரூபாய் வாங்கியது. உயரத்தைத் தொடவே இல்லை. முள்ளின் அழுத்தத்தைச் சரிசெய்ததாக ஒரு பொய்க் கணக்கைக் காட்டியது. கேட்டபோது, குறை என் இசைத்தட்டுகளில்தான் என்று சாதித்தது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்த விதத்தை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே.2 டர்ன்டேபிள். அதில் பல ஆண்டுகளாக டெனான் டி.எல். 103 கார்ட்ரிட்ஜ் இருந்தது. ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக 1962இல் உருவான மாடல் அது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் முள் தேய்ந்துவிட்டால் முள்ளை மட்டும் நாமே கழற்றி மாற்ற முடியாது. எனவே முள் தனியாகக் கிடைக்கும் ஆர்ட்டோஃபோன் 2எம் பிரான்ஸ் (Bronze) கார்ட்ரிட்ஜ் வாங்கி, அதை மாட்டித் தரும்படி கொடுத்தேன்.

இந்த இரண்டு கார்ட்ரிட்ஜுகளின் அளவுகளைப் பாருங்கள். டெனானின் உயரம் 15 மில்லிமீட்டர், ஆர்ட்டோஃபோனின் உயரம் 18. டெனானின் எடை 8.5 கிராம், ஆர்ட்டோஃபோனின் எடை 7.2. டெனானுக்கு முள் அழுத்தம் 2.5 கிராம் வேண்டும், பிரான்ஸுக்கு 1.5 கிராம், அதிகம் போனால் 1.7. ஆகவே ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுகிறவர், ஆர்ம் தட்டுக்கு இணையாக நிற்பதற்காக அதன் அடிப்பகுதியை 3 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடையை, அதாவது பின்பாரத்தை, புதிதாகச் சமன் செய்ய வேண்டும். அதன் பிறகு 1.5 கிராம் வைக்க வேண்டும். எஸ்.எல். 1200இல் இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஆர்மின் அடியில் எண்கள் பொறித்த வளையம் இருக்கிறது; பூட்டு நெம்பைத் தளர்த்திவிட்டு அதைத் திருப்பினால் 6 மில்லிமீட்டர் வரை ஏற்றி இறக்கலாம்.

கடையின் ரசீதில் "ஆர்ம் உயரம், அழுத்தம், கோணம் சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார்கள். பின்பாரத்தில் இருக்கும் அழுத்த டயல் 1.5 காட்டியது. வீட்டில் வைத்துக் கேட்டால் நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் எல்லாம் ஒலி கிழிந்தது. வயலின் மேல் ஸ்தாயியில் கரகரத்தது. திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் பழைய கொல்கத்தா டம்டம் ஆலைத் தட்டுகள். பள்ளம் தேய்ந்துபோயிருக்கிறது. நல்ல முள் போட்டதால்தான் குறை வெளியே தெரிகிறது" என்றார். கையோடு 3 மில்லிமீட்டர் கார்க் விரிப்பு ஒன்றையும் விற்றார். ரப்பர் விரிப்பின் மேல் அதைப் போட்டால் கரகரப்பு அடங்கிவிடும் என்றார்.

கார்க் விரிப்பு வந்த பிறகுதான் பெரிய இழப்பு நேர்ந்தது. ஏற்கெனவே ஆர்ம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. தட்டு இன்னொரு 3 மில்லிமீட்டர் மேலே வந்ததும் மொத்த வித்தியாசம் 6 ஆகிவிட்டது. ஆர்மைத் தூக்கும் நெம்பும் அதே அடிப்பகுதியில்தான் இருக்கிறது. அடிப்பகுதி தாழ்ந்தே இருந்தால், நெம்பைத் தூக்கினாலும் முள் தட்டை விட்டுச் சரியாக விலகாது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டு ஒன்று, ஓரத்தில் கொஞ்சம் வளைந்தது, ஓடிக்கொண்டிருந்தது. நெம்பைத் தூக்கி ஆர்மை நகர்த்தியபோது வளைந்த பகுதி எழும்பி முள்ளில் உரசியது. தட்டின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். அந்தத் தட்டு என் மாமா விட்டுச்சென்றது. மறுபடியும் எங்கும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு, கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி முள்ளை வைத்துப் பார்த்தேன். டயல் 1.5 சொல்கிறது; தராசு 1.2 சொல்கிறது. இந்த 1.2 எங்கிருந்து வந்தது என்பதை நான் யூகிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பழைய கார்ட்ரிட்ஜுக்கு 2.5 கிராம் வைத்திருந்தேன். புதியது 1.3 கிராம் இலகு. கார்ட்ரிட்ஜை ஆர்மோடு இணைக்கும் ஹெட்ஷெல் அதேதான். பின்பாரத்தை யாரும் தொடாமல் விட்டால் மீதி நிற்பது 1.2. பின்பாரத்தின் முன்னால் இருக்கும் எண் வளையம், அதாவது அந்த டயல், பாரத்தை அசைக்காமலே தனியாகச் சுற்றக்கூடியது. சமன் செய்த பிறகு பூஜ்ஜியத்தில் நிறுத்துவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த வளையத்தை மட்டும் 1.5க்குத் திருப்பிவிட்டு என்னிடம் கூலி வாங்கியிருக்கிறார்கள். மறதியில் விட்டுப்போயிருந்தால் டயல் 2.5 அல்லவா காட்டியிருக்க வேண்டும்? ஏமாற்றத்தான் செய்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். உயர வளையமும் டெனானுக்கு நான் வைத்திருந்த பூஜ்ஜியத்திலேயே இருந்தது. அதன் விளிம்பில் படிந்திருந்த பழைய தூசிக்கோடுகூடக் கலையவில்லை.

அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. 1.4க்குக் கீழே போனால் இந்த முள் சத்தமான இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளும். துள்ளி விழும்போது சுவரைச் சேதப்படுத்தும். நான் கேட்ட கரகரப்பு அதுதான். சமன் செய்து 1.5 வைத்த உடனே, "தேய்ந்துபோன" அதே தட்டுகளில் நாகஸ்வரம் முழுமையாக ஒலித்தது.

உயரம் பற்றி இன்னொரு ஏமாற்றையும் சொல்லியாக வேண்டும். காதால் கேட்டே முடியளவு வித்தியாசம்வரை உயரத்தைச் சரிசெய்கிறோம் என்று தனியாகப் பணம் கேட்பவர்கள் உண்டு. எஸ்.எல். 1200இல் ஆர்மின் அச்சிலிருந்து முள்வரை 230 மில்லிமீட்டர். இந்த நீளத்தில் அடிப்பகுதியை 4 மில்லிமீட்டர் ஏற்றினால்தான் முள்ளின் சாய்வு ஒரு டிகிரி மாறும். டெனான் போன்ற உருண்டை முனை முள்ளுக்கு அரை மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. பிரான்ஸ் போன்ற மெல்லிய விளிம்புள்ள முனைகளுக்குச் சாய்வு கூடுதலாக முக்கியம். ஆனாலும் 180 கிராம் தட்டுக்கும் சாதாரணத் தட்டுக்கும் தடிமன் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தட்டுக்குத் தட்டு உயரம் மாற்றச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். என் விஷயத்தில் கேள்வி 6 மில்லிமீட்டர் பற்றியது. அது ஒன்றரை டிகிரி. ஆர்மின் பின்பக்கம் தாழ்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

நீங்களே பார்க்கும் முறை எளிது. தட்டைச் சுற்றவிடாமல் நிறுத்தி, முள்ளைப் பள்ளத்தில் இறக்கி வையுங்கள். ஆர்மைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தால் தவறாகத் தெரியும். கோடு போட்ட அட்டை ஒன்றைத் தட்டின் மேல் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து ஆர்ம் குழாயைப் பாருங்கள். குழாய் கோட்டுக்கு இணையாக இருந்தால் சரி. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஏற்ற வேண்டும். வளையத்தைத் திருப்பும் முன் பூட்டு நெம்பைத் தளர்த்த மறக்காதீர்கள். பழைய கருவிகளில் கிரீஸ் காய்ந்து வளையம் இறுகியிருக்கும், பலம் கொடுத்தால் உடையும். உயரம் மாற்றிய பிறகு அழுத்தத்தை மறுபடியும் தராசில் பாருங்கள். ரேகா (Rega) நிறுவனத்தின் ஆர்ம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வளையம் கிடையாது. ஆர்முக்கு அடியில் 2 மில்லிமீட்டர் தகடுகள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட கருவிக்கு "உயரம் சரிசெய்தோம்" என்று ரசீது வந்தால், எத்தனை தகடு வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

கடைக்குத் தராசையே எடுத்துப்போய்க் காட்டினேன். "வண்டியில் கொண்டுபோகும்போது நகர்ந்திருக்கும்" என்றார்கள். கார்க் விரிப்பின் விலையைத் திருப்பித் தந்தார்கள். கூலியைத் தரவில்லை, தட்டில் விழுந்த கீறலுக்குப் பொறுப்பேற்கவில்லை, மறுப்பை எழுதித் தரவும் இல்லை. ரசீது, டயல், தராசு, தூசிக்கோடு எல்லாவற்றையும் படமெடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சேவைக் குறைபாடு என்று புகார் பதிந்திருக்கிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

கருவியைக் கொடுப்பதற்கு முன் உயர வளையத்தின் எண்ணையும் பின்பாரம் நிற்கும் இடத்தையும் படமெடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே தராசில் முள்ளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய உயர எண்ணையும் அழுத்தத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கூலி கொடுக்காதீர்கள்.